ஆமாவா, இல்லையா? டாரட் சீட்டு பதில் சொல்லும் விதம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பாசார் தெருவில் நாங்கள் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடை. எதிரில் இருந்தவள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் பெண். தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, ஆறி ஆடை கட்டிவிட்டது, அவள் தொடவே இல்லை.

"அக்கா, சீட்டுக்கட்டு பையில இருக்குல்ல? ஒரே ஒரு கேள்விதான். சிங்கப்பூர் வேலைக்குப் போகலாமா, வேணாமா? ஆமா, இல்ல, அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம்."

நான் பல வருஷமாக டாரட் சீட்டு வைத்திருக்கிறேன். காசு வாங்குவதில்லை, தெரிந்தவர்கள் கேட்டால் எடுத்துப் பார்ப்பேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பெண்ணைப் போல ஒற்றைச் சொல் பதில்தான் கேட்கிறார்கள். சிலர் அந்தச் சீட்டுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார்கள். இன்னும் சிலர் எல்லாமே ஏமாற்று என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஒரு படம் போட்ட அட்டை எந்த இடத்தில் 'ஆமாம்' ஆகிறது, எந்த இடத்தில் 'இல்லை' ஆகிறது என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. அது தெரிந்தால் பயமும் குறையும், ஏமாறுவதும் குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பூவிலிருந்து தொடங்குவோம்

பூப்போட்டுப் பார்ப்பதைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, இரண்டும் ஒரே மாதிரி தெரியும்படி சாமி முன்னால் போடுவார்கள். வீட்டிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். என் கல்யாணத்துக்கும் என் பாட்டி இப்படித்தான் பார்த்தார். எடுத்துக் கொடுத்த பையனுக்கு அப்போது நாலு வயசு. மடிப்பைப் பிரிக்கும்போது பாட்டியின் விரல் நடுங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இதே ஜார்ஜ்டவுனில், லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிஷம் நடந்தால் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கில் குவான் யின் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோயில். அங்கே சீனர்கள் கையில் பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகளோடு முழங்காலிட்டு இருப்பார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. மனசுக்குள் கேள்வியைச் சொல்லி இரண்டையும் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் உருண்டைப் பக்கம் மேலே விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று அர்த்தம்: கேள்வி சரியில்லை, மாற்றிக் கேள். இந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூவில் இல்லாத ஒரு வசதி அது, பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இன்னும் பழையது கூடல் இழைத்தல். கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் ஒரு வட்டம் போட வேண்டும். தொடங்கிய இடத்திலேயே முனை வந்து சேர்ந்தால் பிரிந்தவர் வருவார், சேராவிட்டால் இல்லை. கண்ணனோடு கூடுவேனா என்று ஆண்டாள் கெஞ்சிக் கேட்பது இந்தக் கூடலிடம்தான்.

பூ, கட்டை, மணல் வட்டம் மூன்றிலும் இருப்பது ஒரே அமைப்பு. நம் கைக்கு அடங்காத ஒரு நிகழ்வு வேண்டும். அது எப்படி வந்தால் ஆமாம், எப்படி வந்தால் இல்லை என்று முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். நிகழ்வும் விதியும் சேர்ந்தால்தான் பதில். பூவை எடுத்துக் கொடுப்பது அம்மன் என்று நம்புகிறவருக்கு அது வழிபாடு. அந்த நம்பிக்கைக்குள் நான் போகவில்லை, என் பேச்சு அமைப்பைப் பற்றியது மட்டும்.

டாரட் என்றால் என்ன

டாரட் என்பது 78 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு. அதில் 22 சீட்டுகளுக்குப் பெரிய அர்க்கானா என்று பெயர்: சூரியன், நிலா, மரணம், கோபுரம் என்று ஒவ்வொன்றும் தனிப் படம். மற்ற 56 சீட்டுகள் சிறிய அர்க்கானா. நாம் ரம்மி ஆடும் கட்டு மாதிரிதான், நான்கு இனம், ஆனால் இனத்துக்கு 13க்குப் பதில் 14 சீட்டு. இனங்களின் பெயர் கோல், கிண்ணம், வாள், நாணயம்.

இது எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாடுவதற்காகச் செய்த கட்டு இது. குறி பார்ப்பது இதில் பரவியது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். எகிப்துக் கதையை 1781இல் எழுதிப் பரப்பியவர் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர், அதற்கு அவர் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. இன்று கடையிலும் ஷாப்பியிலும் அதிகம் பார்க்கிற படங்கள் 1909இல் லண்டனில் வெளியான கட்டின் படங்கள். ஆர்தர் எட்வர்டு வெயிட் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தார். பல காலம் அந்தக் கட்டுக்குப் பதிப்பகத்தின் பெயரும் வெயிட்டின் பெயரும் மட்டும்தான் இருந்தன. வரைந்தவர் பெயர் விட்டுப்போனது எனக்கு இன்னும் வருத்தம். நம் கண் பார்ப்பது அவர் கைவேலையைத்தானே.

சுருக்கமாக, டாரட் ஒரு படக்கட்டு. விளையாட்டுக்குப் பிறந்தது, பின்னால் குறிக்கு வந்தது. எந்தச் சீட்டிலும் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ எழுதியிருக்காது.

அப்படியானால் ஆமாம் எங்கிருந்து வருகிறது

நாம் வைக்கும் விதியிலிருந்து. பழக்கத்தில் இருப்பவை மூன்று விதிகள்.

ரொம்ப எளியது நேர், தலைகீழ் விதி. சீட்டைத் திருப்பும்போது படம் நேராக இருந்தால் ஆமாம், தலைகீழாக இருந்தால் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு குழி உண்டு. புதுக் கட்டில் எல்லாச் சீட்டும் ஒரே திசையில் அடுக்கியிருக்கும். நாம் ரம்மிக்குக் கலைப்பது போல எத்தனை முறை கலைத்தாலும் திசை மாறாது. என் சித்தி மகள் புதுக் கட்டு வாங்கி ஒரு வாரம் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்றே வந்தது. "அக்கா, எனக்கு நல்ல நேரம் தொடங்கிடுச்சு" என்று கூப்பிட்டுச் சொன்னாள். நான் போய்க் கட்டை வாங்கிப் பார்த்தேன். 78 சீட்டும் நேராக நின்றன. அவளுக்கு 'இல்லை' வரவே வழியில்லை. சீட்டுகளைக் குப்புற மேசையில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டம் வட்டமாகக் கலைத்தால்தான் பாதிக்குப் பாதி திரும்பும். அன்றைக்கே செய்து காட்டினேன். முதல் சீட்டே தலைகீழாக வந்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

அடுத்தது பட்டியல் விதி. சூரியன் ஆமாம், கோபுரம் இல்லை, தொங்கும் மனிதன் என்றால் காத்திரு என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பதிலை எழுதி வைத்துவிடுவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்ற கணக்கு. ஒரு பட்டியலில் 42 சீட்டு ஆமாம், 24 இல்லை, 12 காத்திரு என்று வைத்துக்கொள்வோம். சீட்டைத் தொடும் முன்பே தராசு சாய்ந்திருக்கிறது. 78இல் 42 என்றால் நூற்றுக்கு 54க்குக் கொஞ்சம் குறைவு. 'இல்லை'க்கு நூற்றுக்கு 31கூட இல்லை. பட்டியல் எழுதியவர் கொஞ்சம் நம்பிக்கைக்காரராக இருந்தால் உங்கள் வாழ்க்கையும் அன்றைக்கு நம்பிக்கையாகத் தெரியும்.

மூன்றாவது மூன்று சீட்டு விதி. மூன்று எடுத்து, இரண்டு ஒரே பக்கம் சொன்னால் அதுவே பதில். மூன்றும் ஒன்றாகச் சொன்னால் 'உறுதியான பதில்' என்பார்கள். நேர், தலைகீழ் விதிப்படி நன்றாகக் கலைத்து எடுத்தால் மூன்றும் ஒரே பக்கமாக வருவது நாலில் ஒரு முறை. அப்படி வரும்போது மெய் சிலிர்க்கும், எனக்கும் சிலிர்த்திருக்கிறது. ஆனால் நாலு முறை கேட்டால் ஒரு முறை வரக்கூடியது அது.

எந்த விதி உயர்ந்தது என்று கேட்கிறார்கள். எதுவானாலும் சரி, சீட்டைத் திருப்புவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருப்பிய பிறகு விதியைத் தேடினால் அது நமக்கு வேண்டிய பதிலைத் தேடுவதுதான்.

கோபுரம் நல்லதா, கெட்டதா

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு முறை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பாத யாத்திரை போய் வந்த ஒரு பெரியம்மா ஆசையாக ஒரு சீட்டு எடுத்தார், கோபுரம் வந்தது. பெயரைச் சொன்னதுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாரட்டில் அந்தப் படம் வேறு. இடி விழுந்து உச்சிக் கிரீடம் தெறிக்கிறது, தீப்பற்றுகிறது, இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். பட்டியல்களில் இது திடீர்ச் சரிவு, பதில் 'இல்லை'.

நிலாவும் அப்படித்தான். நமக்கு நிலா என்றால் குளிர்ச்சி, குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம். டாரட் நிலாவில் ஒரு நாயும் ஓநாயும் ஊளையிட, தண்ணீரிலிருந்து நண்டு மாதிரி ஒன்று ஏறி வருகிறது. குழப்பம், தெளிவில்லை என்று பொருள் சொல்வார்கள்.

ஐரோப்பியர் வரைந்து, ஐரோப்பியர் பொருள் எழுதிய படங்கள் இவை. இந்தப் படங்கள் நம் ஊரில் பிறந்திருந்தால் கோபுரம் 'ஆமாம்' ஆகியிருக்கலாம். படத்துக்குப் பொருள் கொடுப்பது மனுஷர்கள். அந்தப் பெரியம்மாவிடம் நான் இடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கண்டது அவருடைய கோபுரம்.

பலித்தது போல ஏன் தோன்றுகிறது

"ஆனா எனக்குப் பலிச்சுதே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்விக்குக் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி பலிக்கும். அந்தப் பாதி மனசில் தங்கும், பலிக்காத பாதி கரைந்துவிடும். நாம் நம்புவதற்குச் சாதகமானதை மட்டும் நினைவில் சேர்க்கும் இந்தப் பழக்கத்துக்கு உறுதிப்படுத்தும் சாய்வு என்று பெயர்.

இன்னொன்று, பொதுவாகச் சொன்னதை நமக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வது. 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் "இது உன் குணம்" என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்த வரிகள் அவை. இதை ஃபோரர் விளைவு என்கிறார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கிளி எடுத்துத் தரும் சீட்டைக் கேட்டுவிட்டு, "அப்படியே என்னைப் பத்திதான் சொன்னாரு" என்று நாம் தலையாட்டுவதும் இதுதான்.

மூன்றாவது விஷயம் திரும்பத் திரும்பக் கேட்பது. மனசுக்குப் பிடிக்காத பதில் வந்தால், "சரியாக் கலைக்கல, இன்னொரு தடவ" என்போம். பாதிக்குப் பாதி வாய்ப்பில் மூன்று முறை எடுத்தால் ஒரு முறையாவது ஆமாம் வர எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. ஐந்து முறை எடுத்தால் 32இல் 31. கூடல் இழைக்கும் பெண்ணின் விரல் கண் மூடியிருந்தாலும் வட்டத்தைக் கூட்டத்தானே பார்க்கும். நம் கையும் அதே வேலையைச் செய்கிறது. சீனர்கள் சிலர் முக்கியமான விஷயத்துக்கு அடுத்தடுத்து மூன்று முறை ஆமாம் விழுந்தால்தான் ஏற்பார்கள். கட்டையின் இரு பக்கமும் சமமாக விழுவதாக வைத்துக்கொண்டால் அது எட்டில் ஒரு பங்கு. நாம் ஆமாம் வரும்வரை எடுக்கிறோம், அவர்கள் ஆமாம் சுலபமாக வந்துவிடாதபடி கட்டுப்பாடு வைக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்: ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு, அப்புறம் சீட்டுக்கட்டை மூடிவிட வேண்டும்.

ஆக, சீட்டு விழுவது தற்செயல், பதில் வருவது விதியால், பலித்த உணர்வு வருவது நம் மனசால்.

கேட்கக் கூடாத கேள்வி

வருஷக்கணக்கில் ஆன ஒரு சம்பவம், இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் மூன்று பவுன் சங்கிலி காணாமல் போனது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் எடுத்தாளா என்று யாரோ சீட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம் என்று வந்ததாம். நேராக யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் கூட்டும்போது ஒருவர் பின்னாலேயே நின்றார்கள், அலமாரிச் சாவி இடுப்புக்குப் போனது. பத்து நாளில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் எடுத்தாளா இல்லையா என்பது அன்று எடுத்த சீட்டுக்கும் தெரியாது, இன்று எனக்கும் தெரியாது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுத்தோம் என்பது மட்டும் தெரியும்.

அதனால் இன்னொருவர் செய்தாரா, பொய் சொன்னாரா, என்னை நேசிக்கிறாரா என்ற கேள்விக்கு நான் சீட்டுக்கட்டைத் தொடமாட்டேன். ஏற்கெனவே முடிவாகிவிட்ட உண்மைகளும் அப்படித்தான். எஸ்.பி.எம். தேர்வு முடிவு எங்கோ அச்சாகி இருக்கும். மார்பில் இருப்பது வெறும் கட்டியா என்பது பரிசோதனையில் தெரியும். 'சூரியன்' வந்தது என்று ஆஸ்பத்திரி போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மிஞ்சுவது நாமே எடுக்க வேண்டிய முடிவுகள். போகலாமா, பேசலாமா, விடலாமா. இங்கேதான் சீட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. வரப்போவது எதையும் அதனால் சொல்ல முடியாது. ஆனால் 'இல்லை' என்று வந்த அந்த நொடியில் மனசு நிம்மதியாகிறதா, பதறுகிறதா என்று பார்த்தால் நாம் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு வந்த சீட்டு

லெபோ பாசார் மேசைக்கு வருகிறேன். பட்டியல் விதி என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கலைத்தேன். அவள் இடது கையால் ஒன்றை இழுத்தாள். எட்டுக் கிண்ணங்கள். படத்தில் முன்னால் எட்டுக் கிண்ணம் அடுக்கியிருக்கிறது. சிவப்பு அங்கி போட்ட ஒருவர் கோலூன்றி, அவற்றுக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்து நடந்துபோகிறார். மேலே நிலா.

என் பட்டியலில் அது 'இல்லை'. கைவிட்டுப் போவதைக் காட்டுவதால் அப்படி. ஆனால் அவள் கேட்டதே போகலாமா என்றுதானே? போகிற மனுஷனின் படம் வந்தால் அது ஆமாமா, இல்லையா? குவான் யின் கோயிலில் இரண்டு கட்டையும் தட்டையாக விழுவது இந்த மாதிரி இடத்துக்குத்தான். கேள்வியே இன்னும் சரியாக உருவாகவில்லை.

நான் பதில் சொல்லவில்லை. "படத்துல என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "அக்கா, அந்தக் கிண்ணத்தையெல்லாம் யாரு பார்த்துக்குவாங்க?"

அவள் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, முட்டி வலி. இரண்டு வாரமாக அவள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தது சிங்கப்பூரைப் பற்றி. உள்ளே கிடந்தது அம்மாவைப் பற்றி. வேலை கிடைத்த விஷயத்தையே இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை என்றாள்.

எங்கள் மேசையில் ஒரு பில் காகிதம் இருந்தது. அதன் பின்பக்கம் கேள்வியைத் திருப்பி எழுதச் சொன்னேன். ஆமாம், இல்லை கேள்வியில் ஒரு ஆள், ஒரு செயல், ஒரு காலம் இருக்க வேண்டும், 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. 'சிங்கப்பூர் எனக்கு ஒத்துவருமா' என்பதில் அந்த மூன்றும் இல்லை. மூன்று முறை அடித்து அடித்து எழுதினாள். கடைசியில் நின்றது இது: 'நான் இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்மாகிட்ட விஷயத்தச் சொல்லிடலாமா?'

எழுதி முடித்துக் கட்டின் பக்கம் கை நீட்டினாள். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள். "இதுக்கு எதுக்குக்கா சீட்டு" என்றாள். காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன தே தாரிக்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஆறு மணி ஃபெரியைப் பிடிக்க எழுந்தாள். நான் எட்டுக் கிண்ணங்களை எடுத்துக் கட்டின் நடுவில் செருகினேன்.